மயிலாப்பூர் மிஷின்: பாஸ்

எங்கள் மன்னிக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. அண்ணாவைக் கல்யாணம் செய்துகொண்டு மயிலாப்பூர் வீட்டுக்கு அவர் வந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பார்க்கிறேன். பந்தியில் போதும் போதும் என்று கையை நீட்டி மறைப்பார், ஆனால் பரிமாறுகிறவர் ஒரு பார்வை பார்த்தால் கையை எடுத்துவிடுவார். தி.நகரில் புடவை எடுக்கப் போனால் அண்ணா எந்த நிறத்தை விரல் நீட்டிக் காட்டுகிறாரோ அதுதான் மன்னிக்குப் பிடித்த நிறம்.

அண்ணா கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் தப்பு செய்தது அவரில்லை. அவருக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் "நான் பாத்துக்கறேன்" என்பார். காஸ் புக் செய்வது, கரண்ட் பில், மன்னியின் ஏ.டி.எம். கார்டு, மன்னியின் போன் ரீசார்ஜ் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். சொன்னபடி பார்த்துக்கொள்ளவும் செய்வார். என்ன ஆயிற்று என்று மன்னி கேட்டால், "அதெல்லாம் சரியா இருக்கு" என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொல்வார். மன்னியும் "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உள்ளே போய்விடுவார். முப்பது வருஷமாக அந்த வீட்டில் கேட்ட சம்பாஷணை இது. நான் இதைக் கிண்டல் செய்திருக்கிறேன். வாய்க்கொழுப்பு.

இந்த வீட்டுக்குள் கிரிப்டோகரன்சி நுழைந்தது என்னால்தான். எனக்கு பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை, அடையாறில் வீடு. ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில், பிட்காயினுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லக்கூடிய ஒரு சின்ன நாணயத்துக்குச் சம்பளமில்லாமல் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் பணம் பண்ணினாயா என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டு அலுத்துவிட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்ற புத்தகம் ஒரு வங்கியிடம் இல்லாமல், உலகம் முழுக்க வீடுகளில் வீட்டுக்கொரு பிரதியாக இருக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை அதற்குப் புதிதாக ஒரு பக்கம் வந்து சேரும். அதைத்தான் பிளாக் என்கிறோம். ஒவ்வொரு வீட்டுக் கம்ப்யூட்டரும் அந்தப் பக்கத்தை இறக்கி, வரி வரியாகத் தானே சரிபார்த்து, ஒழுங்காக இருந்தால் சேர்த்துக்கொள்ளும். விதி மீறியிருந்தால் தூக்கிப் போட்டுவிடும். அனுப்பியவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. தலைவர் கிடையாது, தலைமையகம் கிடையாது. அத்தனை வீடுகளும் தனித்தனியே பார்க்கின்றன என்பதுதான் அதன் ஒரே பலம்.

அதனால் எங்களுக்கு வீடுகள் வேண்டியிருந்தன. அண்ணா பெண் மேல்படிப்புக்கு வெளிநாடு போனபின் அவளுடைய கம்ப்யூட்டர் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் சும்மா கிடந்தது. ஒருநாள் அதில் எங்கள் மென்பொருளைப் போட்டுவிட்டு, "மன்னி, இதை ஆஃப் பண்ணாம மட்டும் வெச்சிண்டிருங்கோ, போறும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

மன்னி அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பள்ளிக்கூட நோட்ஸ் போடும் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே புரூஃப் பார்ப்பவர். பிழை பார்க்கிற கண். திரையில் புதுப் பக்கம் வந்து சரிபார்த்து முடிந்ததும் பச்சை எழுத்தில் ஒரு வரி ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே பீன்ஸ் நறுக்குவார், புரூஃப் திருத்துவார். நான் போகும்போதெல்லாம் கேள்வி. இது யாரைக் கேட்டுச் சரி என்கிறது? யாரையும் கேட்பதில்லை, தானே பார்க்கிறது. யாராவது வேறு மாதிரி சொன்னால்? கேட்காது. உங்கண்ணா சொன்னால்? சிரித்தோம்.

"யாரையும் கேக்க வேண்டாம்னு இருக்கே, அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் மன்னி. இடம் போதாமல் போனபோது புரூஃப் பார்த்த காசில் அவரே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். அண்ணாவிடம் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படி நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் ஆபீசில் இருக்கும்போது மன்னியிடமிருந்து போன். பகலில் கூப்பிடவே மாட்டார், பதறிப் போய் எடுத்தேன். "சிவப்பா ஒரு வரி வந்திருக்குடா!" என்றார். பக்கங்களைத் தயாரித்து அனுப்புகிற பெரிய நிறுவனம் ஒன்று விதியை மீறிய பக்கமொன்றை அனுப்பிவிட்டிருந்தது. வேண்டுமென்றா கைதவறியா, தெரியாது. உலகம் முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அதை ஏற்கவில்லை. மயிலாப்பூரிலும் ஏற்கவில்லை.

"என் மிஷின் வேண்டாம்னுடுத்து!" மன்னியின் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் கேட்டதில்லை. "அவ்ளோ பெரிய ஆள் அனுப்பிச்சிருக்கான், இது பாட்டுக்கு வேண்டாம்னுடுத்து!"

கீரை விற்க வரும் அம்மாவிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, "வேணான்னா வுடும்மா, வேற கட்டு தரேன்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் மன்னி.

சென்னையில் இப்படிக் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர்கள் நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாறில் ஒரு டிபன் கடை மாடியில் கூடுவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மென்பொருளில் எந்தப் பெரிய மாற்றம் வந்தாலும், எங்களில் இருப்பதிலேயே நோஞ்சான் கம்ப்யூட்டரில் அதை ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம். அது தாக்குப்பிடித்தால்தான் சரி என்போம். மற்ற ஊர்க்காரர்கள் வேகமான கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆஹா என்பார்கள். எங்கள் அறிக்கைக்கு மதிப்பு வந்ததே இந்த நோஞ்சானால்தான். சென்னைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் பலர் முடிவெடுத்தார்கள்.

அந்த நோஞ்சான் மன்னியின் கம்ப்யூட்டர். எங்கள் கூட்டத்தில் அதற்கு மயிலாப்பூர் மிஷின் என்று பெயர். மன்னிக்கு இதில் பெருமை. "என் மிஷின்ல ஓடினாத்தான் ஒத்துப்பாளாம்" என்று அண்ணாவிடம் சொல்வார். அண்ணா பேப்பரைப் புரட்டுவார்.

அப்போதுதான் பிளாக்கைப் பெரிசாக்குவது என்ற பேச்சு வந்தது. ஒரு பக்கத்தில் இத்தனை பரிமாற்றங்கள்தான் கொள்ளும் என்று ஒரு வரம்பு உண்டு. கூட்டம் சேர்ந்தால் ஜனங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது, சீக்கிரம் போக வேண்டுமென்றால் கட்டணம் கூடியது. பக்கத்தைப் பெரிசாக்கினால் இரண்டும் தீரும். அதற்கான மென்பொருளில் ஒரு பகுதியை எழுதியது நான். என் கை பட்ட ஒன்று உலகம் முழுக்க ஓடப் போகிறது என்ற நினைப்பு எனக்குத் தலைக்கேறியிருந்தது. ஆபீசில் இதைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் இருக்கப் பெரும்பாடுபட்டேன், அதாவது எல்லோரிடமும் சொன்னேன்.

எங்கள் கூட்டத்தில் தி.நகரிலிருந்து ஒரு நண்பர் வருவார். பாத்திரக்கடை வைத்திருக்கிறார், கடை மாடியில் அவர் கம்ப்யூட்டர். அவருக்கு இதில் சம்மதமில்லை. பொங்கலைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பெரிய லாரி வந்தா தண்ணி ஜாஸ்தி வரும், நான் இல்லேங்கல. ஆனா சந்துக்குள்ள வருமா? சின்ன லாரி வந்தப்ப அவனவன் வாசல்ல பிடிச்சான். இப்ப குடத்தைத் தூக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போகணும். அங்க ஒருத்தன் குழாயைப் பிடிச்சுட்டு நிப்பான், அவன் ஊத்தறதுதான் தண்ணி."

"சந்தை அகலமாக்கிக்க வேண்டியதுதான்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "சரி, மயிலாப்பூர்ல ஓட்டிப் பாத்துட்டு வாங்க. ஓடினா நானும் கையெழுத்து" என்றார்.

ஓட்டிப் பார்க்கத்தான் போனேன். மன்னி காபி கொடுத்தார். சோதனைக்கு ஏற்பாடெல்லாம் செய்து பெரிய பக்கங்களை இறக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இன்டர்நெட் போய்விட்டது. மயிலாப்பூரில் அப்போது எங்கே பார்த்தாலும் பள்ளம். ஒரு பள்ளத்தை மூடினால் அடுத்த பள்ளம் திறக்கும். அண்ணா வீடு இருக்கும் சந்துக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, பழைய கேபிள் லைன்தான். கேபிள்காரர் வந்து மொட்டை மாடியெல்லாம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"லைன்லாம் நல்லாத்தான் கீது சார். அந்தாண்ட தோண்டிக்கினு கீறாங்கோ. அவுங்க கைல மாட்டிச்சுன்னா நா இன்னா பண்றது? கட்டித் தரேன், மறுக்கா அறுப்பாங்கோ, மறுக்கா கட்டித் தரேன்."

கட்டிக் கொடுத்தார். மறுபடி அறுந்தது. இடையில் கரண்ட்டும் போய் வந்தது. எனக்கு எரிச்சலாகிவிட்டது. அறிக்கைக்கு எல்லோரும் காத்திருக்கிறார்கள், இங்கே என்னடாவென்றால் பள்ளம். "மன்னி, இப்படி நின்னு நின்னு ஓடினா டெஸ்டே கெட்டுப்போயிடும். நான் இதை அடையாறுக்கு எடுத்துண்டு போய் ஓட்டிட்டுக் கொண்டுவந்து தரேன்" என்றேன்.

மன்னி திரையைத் திரும்பிப் பார்த்தார். "இங்க ஓடறதான்னுதானே பாக்கணும்?" என்று கேட்டார்.

"மிஷின் ஓடறதான்னு பாக்கணும் மன்னி. அது எங்க இருந்தா என்ன?"

"நீ சொன்னா சரிதான்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வராதவர், வேறென்ன சொல்வார். பழைய தலையணை உறையில் கம்ப்யூட்டரைச் சுற்றி, ஆட்டோவில் என் மடியில் வைத்து, பத்திரம் பத்திரம் என்று வாசல்வரை வந்து அனுப்பினார்.

அடையாறில் என் வீட்டில் நல்ல ஃபைபர் லைன். கரண்ட் போனால் இன்வர்ட்டர். அறையில் ஏ.சி. மயிலாப்பூர் மிஷின் அங்கே ராஜா மாதிரி ஒரு வாரம் ஓடியது, ஒரு பக்கத்தைக்கூடத் தவறவிடவில்லை. அறிக்கையில் எழுதினேன், "மயிலாப்பூர் மிஷின்: பாஸ்" என்று. அதில் எழுதியது பொய்யில்லை. மிஷின் அதுதான், பாஸானதும் உண்மை. எந்த வீட்டில் ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. மயிலாப்பூர் மிஷின் மயிலாப்பூரில்தானே ஓடியிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். தி.நகர் நண்பர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஒப்புக்கொண்டார்.

தெரிந்தே செய்தேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். நோஞ்சானாக இருந்தது அந்த மிஷின் மட்டும் இல்லை, அந்த வீடும்தான், அந்தச் சந்தும்தான் என்பது மென்பொருள் எழுதுகிறவனுக்குத் தெரியாதா? ஆட்டோவில் ராமகிருஷ்ண மடம் சாலையைத் தாண்டும்போதே தெரிந்தது. தெரிந்ததைத் தெரியாதது மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதற்குத் தலையணை உறை வேறு.

மாற்றம் வந்தது. பக்கங்கள் பெரிசாயின. காத்திருப்பு போயிற்று, கட்டணம் குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பாராட்டு வந்தது. அந்த வாரம் டிபன் கடையில் எல்லோருக்கும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பக் கொண்டுபோய் வைத்த மிஷின் மயிலாப்பூரில் பின்தங்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். லைன் அறுந்து ஒட்டினால் முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் எட்டிப் பிடித்துவிடும். இப்போது பக்கம் பெரிசு, லைன் அதே லைன். அது ஓடி ஓடிக் கிட்டே வரும்போது மறுபடி பள்ளம் தோண்டுவார்கள். மன்னி போன் செய்து, "இன்னிக்கு மூணு நாள் பின்னாடி இருக்கு" என்பார். அப்புறம், "ஒரு வாரம் ஆயிடுத்துடா, நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?" என்று கேட்டார்.

அவர் தப்பு பண்ணிவிட்டாராம். அதெல்லாம் இல்லை மன்னி என்றேன். லைன் பிரச்சினை என்றேன். அதுவும் உண்மைதான். அந்த மாதங்களில் நான் சொன்னதெல்லாம் உண்மைதான்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். இன்னும் வேகமான டிஸ்க் போட்டுத் தருகிறேன் என்றேன். ஃபைபர் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், அந்தச் சந்துக்கு இப்போதைக்கு இல்லை என்று பதில் வந்தது. மன்னி எதற்கும் பிடி கொடுக்கவில்லை. "நீ வாங்கி, நீ போட்டுக் குடுத்து, நின்னு போனா நீயே வந்து பாத்து... அது என்னோடதா உன்னோடதா?" என்றார். கோபமாக இல்லை, கணக்கு கேட்கிற மாதிரி.

எங்கள் கூட்டத்திலும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. ஒரு வாரம் வரமாட்டார்கள், அடுத்த வாரமும் வரமாட்டார்கள், அவ்வளவுதான். தி.நகர் நண்பர் மட்டும் கடைசியாக ஒருமுறை வந்து, மயிலாப்பூரில் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தார். ஓடுகிறது என்றேன். பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் போனேன். திரையில் பச்சை வரிகள் மெதுவாக வந்துகொண்டிருந்தன, எல்லாம் பழைய பக்கங்கள். மன்னி அதைப் பார்க்காமல் புரூஃப் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

"மன்னி, உங்க போன்ல ஒரு ஆப் போட்டுத் தரேன். அது அடையாறுல என் மிஷினைக் கேட்டு எல்லாம் சரியா இருக்கான்னு சொல்லிடும். இதைக் கட்டிண்டு நீங்கோ என்னத்துக்கு அவஸ்தைப்படணும்? கவலையே படாதேங்கோ. நான் பாத்துக்கறேன்."

சொன்னபிறகுதான் என் காதிலேயே விழுந்தது. கூடத்திலிருந்து அண்ணா, "அதான் அவன் பாத்துக்கறேங்கறானே" என்றார், நல்ல மனசோடு.

மன்னி தாளைக் கீழே வைத்தார். "ஆப் எதுக்குடா? அதுவும் உன்னைத்தானே கேக்கப்போறது? நேரா உன்னையே கேட்டுக்கறேன்" என்றார். எழுந்து போய்க் கம்ப்யூட்டரை அணைத்தார். அதே தலையணை உறையை எடுத்து அதன்மேல் போட்டார். அணைக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், நிம்மதியாக இருந்தது.

அதன்பின் தினமும் காலையில் மன்னியிடமிருந்து வாட்ஸப் வரும். "சரியா இருக்கா?" நான் என் மிஷினைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு மன்னி" என்று அனுப்புவேன். ஒரு கைகூப்பு வரும். ஆரம்பத்தில் ஒழுங்காக உள்ளே போய் வரி வரியாகப் பார்த்தேன். அப்புறம் கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன். அப்புறம் திருவான்மியூர் சிக்னலில் நிற்கும்போது, நேற்று இருந்தது இன்றைக்கும் இருக்கும் என்று அனுப்பினேன். எத்தனை நாள் அப்படி அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. மன்னிக்குத் தெரிய வழியே கிடையாது.

சென்ற மாதம் ஒரு காலை, ஆபீசில் மீட்டிங். போன் அதிர்ந்தது. மன்னி. மேஜைக்கு அடியில் கட்டை விரலால் "சரியா இருக்கு மன்னி" என்று தட்டிவிட்டு, நிமிர்ந்து திரையில் காட்டிய ஏதோ ஒரு வரைபடத்துக்குத் தலையாட்டினேன். கைகூப்பு வரவில்லை. நான் கவனிக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் போனைத் திறந்து பார்த்தேன். மன்னி அனுப்பியிருந்தது இது: "அண்ணாவுக்கு ரெண்டு நாளா நல்ல ஜுரம். ராத்திரி தூங்கலை. டாக்டர்கிட்ட அழைச்சிண்டு போகணும், வர முடியுமா?"

அதன் கீழே என் பதில். சரியா இருக்கு மன்னி.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். கூப்பிட்டால் மன்னி எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் என்ன தோன்றியதோ, அடையாறில் என் வீட்டுக்குள் ஓடிப்போய் மிஷினைப் பார்த்தேன். நின்றுபோயிருந்தது. டிஸ்க் நிரம்பி, இன்னும் பக்கம் சேர்க்க இடமில்லாமல், எத்தனையோ நாளாக அப்படியே நின்றிருந்தது. பெரிய பக்கங்கள், சீக்கிரம் நிரம்பிவிட்டது. அது எதையும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சரியாக இருக்கிறது என்று மட்டும் தினமும் மயிலாப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணா மருந்து சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் காரில் அழைத்துப் போய் வந்திருக்கிறான். ஜுரம் இறங்கிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கார்டு எங்கே இருக்கிறது, அதன் நம்பர் என்ன என்று ஜுரத்தில் கிடந்தவரை எழுப்பிக் கேட்டுத்தான் மன்னி கிளம்பியிருக்கிறார். இதையெல்லாம் சமையலறையில் பாலைக் காய்ச்சிக்கொண்டே சொன்னார்.

"மன்னி, அந்த மெசேஜ்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பாக்கறதே இல்லை, இல்லையா?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புரூஃபில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி கேட்டார். பார்ப்பதில்லை என்றேன். என் மிஷின் நின்றுபோனதைச் சொன்னேன். பிறகு, நிறுத்த முடியாமல், அடையாறில் ஓட்டிய டெஸ்ட்டையும் சொன்னேன். இந்த வீட்டில் அது ஓடாது என்று எனக்கு அப்போதே தெரியும் என்றும் சொன்னேன்.

"எனக்கும்தான் தெரியும்" என்றார் மன்னி. "இங்க ஓடறதான்னுதானே பாக்கணும்னு கேட்டேனே. நீ சொன்னே, விட்டுட்டேன்." பாலை இறக்கி வைத்தார். "வேண்டாம்னு சொல்லியிருக்கணும். அந்த மிஷினுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலை."

அந்த வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் தப்பில் பாதியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறார். அதையும் நான் வாங்கிக் குடித்த காபியோடு வாங்கிக்கொண்டேன்.

காபியைக் குடித்து முடித்ததும் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். தலையணை உறையை எடுத்து உதறி மடித்து வைத்திருந்தார். "இதைப் போட்டுக் குடு" என்றார்.

"மன்னி, இது இப்ப எட்டிப் பிடிக்கவே பிடிக்காது. மாசக்கணக்கா பின்னாடி இருக்கு. புதுசு சேர்ற வேகத்துக்கு..."

"பின்னாடியே வரட்டும். லேட்டாப் பாத்தாலும் அது தானாப் பாக்கும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "இனிமே உன்னைக் கேக்க மாட்டேன். நீயும் அனுப்பாதே. வேண்டாம்" என்றார்.

வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஓடிக்கொண்டிருக்கிறது. லைன் அறுந்தால் நிற்கிறது, கேபிள்காரர் கட்டிக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இன்றைய பக்கத்துக்கு அது வரப்போவதே இல்லை. ஆனால் நான் பார்க்காமல் சரி என்று அனுப்பிய நாட்களுக்கு ஒருநாள் வந்து சேரும். அந்தப் பக்கங்களில் தவறு எதுவும் இருக்காது, எனக்கு நன்றாகத் தெரியும். பச்சை வரிதான் வரும். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது மன்னி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். எந்தத் தேதி வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. என் பக்கம் திரும்பாமல் அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.